ரெண்டு அறைப் பெட்டி

மார்கழி வெள்ளத்தின் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது,
சுவிட்ச் பெட்டிக்கு நாலு விரற்கடை கீழே.
இரண்டு தடவை வெள்ளையடித்தாயிற்று.
பாக்கி கேட்க வந்தவன் மாதிரி
திரும்ப வந்து நிற்கிறது.

பழைய கம்ப்யூட்டர் இருந்தது கோட்டுக்குக் கீழே.
பதினோரு வருசப் படங்கள்.
சென்னையில் ஒருவன் காயவைத்துப் பார்த்து
நாற்பதாயிரம் கேட்டான்.
வந்தது கொஞ்சம்:
மேல்பாதி பிள்ளையின் மொட்டைத்தலை,
கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம்.

இந்த முறை கோமதிநாயகம் தானே இறங்கினார்.
வண்ணார்பேட்டையில் ஜெபசிங் கடை.
நாலு அறைப் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.
"ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அண்ணாச்சி."
"ரெண்டு அறைப் பெட்டியில ஒண்ணு செத்தா?"
"அதுவும் தாங்கும்."
"பெறகு எதுக்கு நாலு?"
ஜெபசிங் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

ஆகாயத்தில் வாடகைக்கு வைக்கலாமே என்றேன்.
கரண்ட் பில் கட்டாத வீட்டில்
ஃபியூஸ் பிடுங்கும் ஆபீஸில்
இருபது வருசமாக உட்கார்ந்திருக்கிறவர்.
கட்டாத மாதம் என்ன நடக்கும் என்று
அவரிடம் போய்ச் சொல்ல முடியாது.

ரெண்டு அறை. அறைக்கு நாலு டெராபைட்.
ஒன்று எழுதுவதை மற்றதும் எழுதும், கண்ணாடி மாதிரி.
பீரோவுக்கு மேலே ஏற்றினோம், கோட்டிலிருந்து எட்டாத உயரம்.
விசிறிச் சத்தம், தூங்குகிற பூனையளவு.

கையேட்டை நான்தான் கடைசிவரை படித்தேன்.
ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும்.
கண்ணாடிக்கு ஞாபகம் கிடையாது.
மூணாவது ஒன்று வேறு வீட்டில் இருக்கவேண்டும்.
எந்த வீட்டில்?
அவர் தம்பி வீட்டிலும் இதே ஆறுதான்,
கோடு ஒரு முழம் கூட.
என் தங்கை ஆவுடை சங்கரன்கோவிலில் இருக்கிறாள்.
தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் போடுகிற தெரு.
வெள்ளம் அங்கே வழிகேட்டுத்தான் வரவேண்டும்.

நகலெடுக்கும் முன் பார்த்தேன்:
'ஆவுடை கல்யாணம் இறுதி இறுதி'.
ஸ்டுடியோவில் திரும்பக் கேட்டு வாங்கியது, அறுபத்தொரு ஜிபி.
ஒரு சூட்கேசோடு அவள் அந்த வீட்டைவிட்டு வந்து
ரெண்டு வருசம் ஆகிறது.
அவள் கைக்குப் போகிற டிஸ்கில் இது எதற்கு?
ஒரு தட்டு, ரெண்டு அறையிலும் போய்விடும்.
கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன்.

"ஏட்டி, அந்த வீடியோவை எடுத்துரட்டா?"
பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது.
"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?
அதுலதானே நாப்பத்தாறு பவுனும் கழுத்துல கெடக்கு.
போடவே இல்லைன்னு கோர்ட்டுல நிக்கான் அவன்.
காசுமாலை எத்தனாவது நிமிசம்னு பாத்து
எழுதி வையி."

ராத்திரி பெட்டியின் பச்சை விளக்கு துடித்தது.
பதினோரு சதவீதம். பதினேழு.
நாங்கள் சத்தத்தை அடைத்துவிட்டு
கழுத்தை மட்டும் பார்த்தோம்.
முப்பத்தெட்டாவது நிமிசம், காசுமாலை.
நாற்பத்தொன்று, வங்கி எட்டு, கை மறைக்கிறது.
ஐம்பதில் நெளிமோதிரம்; மூன்று தடவை நிறுத்திப் பார்த்தோம்.
"ஒங்க சித்தப்பா எவ்வளவு ஒல்லி" என்றார் இவர், ஒருதரம்.
ஆவுடை ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்,
பக்கத்தில் அவனும்.
தாளில் எழுத அதற்கு இடமில்லை.

சனிக்கிழமை வந்தாள்.
டிஸ்கைக் குற்றாலத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.
"குலுங்கினா கெட்டுருமாம்."
"மடியில வச்சுக்கிடுதேன்."
"கேஸ் முடிஞ்சா அழிச்சிரலாம்லா?"
"முடியட்டும்."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு.
ரெண்டு கையும் துண்டுமேல் இருந்ததால்
டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.